ஆட மாட்டோம் என்று சொன்ன அணி

அமெரிக்காவில் மிசௌரி என்றொரு மாநிலம். அங்கே கொலம்பியா என்ற ஊரில் உள்ள மிசௌரி பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி, 2015ஆம் ஆண்டுப் பருவத்தில் 12 ஆட்டங்கள் ஆடியது. ஐந்தில் வென்றது, ஏழில் தோற்றது. 2013இல் 12 வெற்றி, 2014இல் 11 வெற்றி என்று குவித்திருந்த அணிக்கு இது சரிவுதான். விளையாட்டுப் பக்கத்தில் எழுதினால் நான்கு வரியில் முடிந்துவிடும். அந்தத் தோற்ற பருவத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம். பருவத்தின் நடுவில், ஒரு சனிக்கிழமை இரவு, அந்த அணியின் கறுப்பின மாணவர்கள் "இனி ஆட மாட்டோம்" என்று சொன்னார்கள். அதன் பிறகு நடந்ததை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

(அண்ணல் அம்பேத்கர் 1913இல் படிக்கப் போன கொலம்பியா பல்கலைக்கழகம் நியூயார்க்கில் இருக்கிறது. இது வேறு. மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நம் ஊர்த் திடலில் காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். பெரும்பாலும் கையில்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு ஒருவர்மீது ஒருவர் மோதி வீழ்த்துவார்கள். கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டந்தானே என்று எளிதாக நினைத்துவிடக் கூடாது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 2015இல் எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்கார முடிந்தது. தொலைக்காட்சி உரிமம், விளம்பரம், சீட்டு விற்பனை எல்லாம் சேர்ந்து கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழில் அது. அந்த ஆண்டு அணியின் பயிற்சியாளர் கேரி பின்கெலின் சம்பளம் ஆண்டுக்கு 40 லட்சம் டாலர். பல்கலைக்கழகத் தலைவர் வாங்கிய சம்பளத்தைப்போல எட்டு மடங்குக்கும் அதிகம். இந்த இரண்டு சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அந்த வளாகத்தில் எது பெரிய சாமி என்று தெரிந்துவிடும்.

ஆடுகிற மாணவனுக்கு என்ன கிடைத்தது? படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் உதவித்தொகை. ஊதியம் என்று ஒன்று அன்றைக்குக் கிடையாது. ஊதியம் வாங்கினால் விதிமீறல். எலும்பு முறிந்தாலும் மண்டை கலங்கினாலும் அவன் மாணவன்தான், தொழிலாளி இல்லை என்று சட்டம் பேசினார்கள்.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தான். கால்பந்து அணியிலோ ஏறத்தாழப் பாதிப் பேர். வகுப்பறையில் தேடிப் பிடிக்க வேண்டிய முகங்கள், மைதானத்தில் கூட்டமாக நின்றன. நம் ஊர்த் திருவிழாவில் பறையடிக்கவும் பந்தல்கால் நடவும் யார் வருகிறார்கள், தேர்வடத்தில் யார் கை படலாம் என்று பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு விளங்கச் சிரமம் இருக்காது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் கதவு கறுப்பினத்தவருக்கு எப்படித் திறந்தது என்பதே தனிக் கதை. லாயிட் கெய்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 1930களில் அங்கே சட்டம் படிக்க விண்ணப்பித்தார். தகுதி இருந்தும் நிறத்தைக் காட்டி மறுத்தார்கள். வேறு மாநிலத்துக்குப் போய்ப் படி, கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம் என்றார்கள். அவர் வழக்குப் போட்டார். 1938 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளை மாணவனுக்கு மாநிலத்துக்குள் சட்டக் கல்வி தருகிற அரசு கறுப்பு மாணவனுக்கும் மாநிலத்துக்குள்ளேயே தந்தாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மாநில அரசு என்ன செய்தது தெரியுமா? அவரை உள்ளே விடாமல், கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு சட்டப் பள்ளியைத் திறந்தது. தனிக்குவளையை நாம் தேநீர்க் கடையில் பார்த்திருக்கிறோம். அவர்கள் கல்லூரியையே தனியாக வைத்தார்கள். 1939 மார்ச்சில் ஒரு மாலை, சிகாகோ நகரில் தங்கியிருந்த கெய்ன்ஸ் தபால்தலை வாங்கிவரப் போவதாகச் சொல்லி வெளியே போனார். திரும்பவே இல்லை. என்ன ஆனார் என்பது இன்றுவரை துலங்கவில்லை.

கடைசியில் 1950இல்தான் முதல் கறுப்பின மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். 2015இல் போராடிய மாணவர் குழு தன் பெயரிலேயே அந்த ஆண்டைச் சேர்த்துக்கொண்டது. 'கன்சர்ன்ட் ஸ்டூடண்ட் 1950' என்பது அதன் பெயர். பொறுப்புணர்ந்த மாணவர் 1950 என்று சொல்லலாம்.

அவர்கள் ஏன் போராடினார்கள்? முந்தைய ஆண்டு, 2014 ஆகஸ்டில், அதே மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அந்தக் கொதிப்பு வளாகத்திலும் இருந்தது. 2015 செப்டம்பரில், மாணவர் பேரவைத் தலைவரான பேட்டன் ஹெட், தெருவில் நடந்து போகும்போது வண்டியில் வந்தவர்கள் தன்னை இனத்தைச் சொல்லித் திட்டியதை முகநூலில் எழுதினார். மாணவர் பேரவைத் தலைவருக்கே இந்த மரியாதை என்றால் மற்றவர்களுக்கு? அக்டோபரில் குடித்துவிட்டு வந்த ஒருவன் கறுப்பின மாணவர்களின் ஒத்திகை மேடையில் ஏறி அதே சொல்லைச் சொன்னான். விடுதிக் கழிப்பறையில் மலத்தால் ஸ்வஸ்திகா வரைந்திருந்தார்கள். மலத்தைக் கையில் எடுக்கும் இந்த வக்கிரத்துக்கு நாம் உரை எழுத வேண்டியதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய நம் வாசகர்களுக்குத் திண்ணியம் நினைவுக்கு வரும், பிள்ளைகளுக்கு வேங்கைவயல்.

அக்டோபர் 10 அன்று பல்கலைக்கழக விழா ஊர்வலம். தலைவர் டிம் வுல்ஃப் திறந்த காரில் வந்தார். மென்பொருள் நிறுவன நிர்வாகியாக இருந்து இந்தப் பதவிக்கு வந்தவர். மாணவர்கள் காரை மறித்து, அந்த வளாகத்தில் தங்கள் மக்கள் பட்ட பாட்டை ஆண்டு ஆண்டாகச் சொன்னார்கள். அவர் இறங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. காவலர்கள் வந்து மாணவர்களை விலக்கினார்கள். அந்த மௌனந்தான் அவர் பதவிக்கு உலை வைத்தது என்று பிறகு பலரும் எழுதினார்கள். நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நவம்பர் 2 அன்று ஜொனதன் பட்லர் என்ற முதுகலை மாணவர் உண்ணாவிரதம் தொடங்கினார். வுல்ஃப் பதவி விலக வேண்டும், இல்லையேல் உயிர் போகட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். மாணவர்கள் புல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். பக்கத்தில் வகுப்புகள் நடந்தன. நவம்பர் 6 அன்று வுல்ஃப் ஊர்வலத்தில் நடந்துகொண்டதற்கு வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டார். அன்று இரவே கான்சாஸ் நகரில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, ஒடுக்குமுறை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா எனக் கேட்டார்கள். உங்களுக்குச் சம வாய்ப்பு இல்லை என்று நீங்கள் நம்புவதுதான் அது என்கிற பொருளில் பதில் சொன்னார். நோய் உங்கள் உடம்பில் இல்லை, நினைப்பில் இருக்கிறது என்கிற பதில். "இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்?" என்று நம்மிடம் கேட்பவர்களின் குரல்தான் அது.

ஐந்து நாள் பட்டினி அந்தப் பதவியை ஓர் அங்குலம் அசைக்கவில்லை.

நவம்பர் 7, சனிக்கிழமை இரவு, ட்விட்டரில் ஒரு படம் வந்தது. அணியின் கறுப்பின ஆட்டக்காரர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கைகோத்து நிற்கிறார்கள். நடுவில் பட்லர். வுல்ஃப் பதவி விலகும்வரை அல்லது நீக்கப்படும்வரை கால்பந்து தொடர்பான எதிலும் கலந்துகொள்ள மாட்டோம் என்று கீழே எழுதியிருந்தது. மறுநாள் ஞாயிறு, பயிற்சியாளர் பின்கெல் இன்னொரு படத்தைப் போட்டார். அதில் வெள்ளை ஆட்டக்காரர்களும் துணைப் பயிற்சியாளர்களும் சேர்ந்து நின்றார்கள். நாங்கள் ஒரே குடும்பம், எங்கள் ஆட்டக்காரர்களோடு நிற்கிறோம் என்றார். அணியில் எல்லோரும் மனமொத்து நிற்கவில்லை என்றும் செய்தி வந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில்கூட எல்லோரும் ஒரே மனதாக இருந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. வெளியே தெரிந்த வரிசை உடையவில்லை, அது போதும்.

அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 14, கான்சாஸ் நகரில் பிரிகாம் யங் பல்கலைக்கழக அணியோடு ஆட்டம். ஆடாமல் போனால் ஒப்பந்தப்படி எதிரணிக்கு 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் ஆறரைக் கோடி ரூபாய். சீட்டுப் பணம், தொலைக்காட்சிப் பணம் தனி. திங்கட்கிழமை காலை வுல்ஃப் பதவி விலகினார். படம் வந்து சுமார் 36 மணி நேரம். அன்று மாலைக்குள் கொலம்பியா வளாகத்தின் தலைவர் போவென் லாஃப்டினும் தன் பொறுப்பிலிருந்து இறங்குவதாக அறிவித்தார். பட்லர் உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டார்.

ஆட்டக்காரர்கள் பயிற்சிக்குத் திரும்பினார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் பின்கெல், தனக்குப் புற்றுநோய் இருப்பதையும் பருவம் முடிந்ததும் ஓய்வு பெறுவதையும் அறிவித்தார். சனிக்கிழமை 20–16 என்று வென்றார்கள். அதற்கு முன் நான்கு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றிருந்தார்கள். அதற்குப் பின் மிச்சமிருந்த இரண்டையும் தோற்றார்கள். அதாவது, அசைக்க முடியாத வெற்றி அணி ஒன்று தன் புகழை வைத்து மிரட்டிய கதை இல்லை இது. தோற்றுக்கொண்டிருந்த அணி. ஆனாலும் அவர்கள் இல்லாமல் மைதானம் நிறையாது, பணம் வராது.

இப்படி மறுத்தால் எப்போதும் வெற்றிதானா? இல்லை. அதையும் சொல்லாமல் விட்டால் நாம் பிள்ளைகளுக்குப் பாதிக் கதையைச் சொன்னவர்கள் ஆவோம்.

1969இல் வயோமிங் பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. அந்த அணி அந்தப் பருவத்தில் முதல் நான்கு ஆட்டங்களையும் வென்றிருந்தது. ஐந்தாவது ஆட்டம் அதே பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு. அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்தும் மார்மன் திருச்சபை அப்போது கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் தருவதில்லை (1978இல்தான் மாற்றினார்கள்). வயோமிங் அணியின் 14 கறுப்பின ஆட்டக்காரர்கள், எதிர்ப்பைக் காட்டக் கையில் கறுப்புப் பட்டை கட்டலாமா என்று கேட்கப் பயிற்சியாளர் லாயிட் ஈட்டனிடம் போனார்கள். ஆட மாட்டோம் என்றுகூடச் சொல்லவில்லை, கேட்கத்தான் போனார்கள். அவர் அந்த இடத்திலேயே 14 பேரையும் அணியைவிட்டு நீக்கினார். மறுநாள் வெள்ளை ஆட்டக்காரர்களை மட்டும் இறக்கி 40–7 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தையும் வென்றார். பிறகு கடைசி நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. அடுத்த ஆண்டு 10 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. பயிற்சியாளர் பதவியும் போயிற்று. 14 பேரும் நீதிமன்றம் போனார்கள், அங்கும் நியாயம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2019இல். அதற்குள் அந்த 14 பேரில் சிலர் இறந்துபோயிருந்தார்கள்.

1969க்கும் 2015க்கும் நடுவே என்ன மாறியது? ஆட்டத்தில் புரளும் பணம் பலமடங்கு பெருகியிருந்தது. மிசௌரியில் பயிற்சியாளர் எதிரே நிற்காமல் கூட நின்றார். பதவி விலகல் கோரிக்கையை நான் ஆதரிக்கவில்லை, என் ஆட்டக்காரர்களை ஆதரித்தேன் என்று அவர் பின்னாளில் விளக்கம் சொன்னார். சரி, அப்படியே இருக்கட்டும். நிற்க வேண்டிய நேரத்தில் நின்றாரா என்பதுதான் கணக்கு.

நமக்கு இந்த மறுப்பு புதிதில்லை. 1927இல் மகாட் மாநாட்டில் அண்ணல், செத்த மாட்டை இழுக்கும் வேலையை விட்டுவிடச் சொன்னார். தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களில் இழவுக்குப் பறையடிக்க மாட்டோம், குழி வெட்ட மாட்டோம் என்று நம் பாட்டன்மார் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகக் குடிசை எரிந்திருக்கிறது, கூலி வேலை நின்றிருக்கிறது, மளிகைக் கடையில் பொருள் தராமல் ஊர்க்கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். மிசௌரி மாணவர்களுக்கு அந்த அளவுக்கு ஆபத்து இல்லை என்று சிலர் சொல்லலாம். அவர்கள் பந்தயம் வைத்தது தங்கள் படிப்பை. அந்த உதவித்தொகை போனால் வீடு திரும்ப வேண்டியதுதான். நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், உதவித்தொகை என்ற சொல்லின் எடை என்னவென்று சொல்வார்கள். சாப்பாடு சரியில்லை என்று தட்டைத் தூக்கிக்கொண்டு சாலையில் உட்காரும் முன்பு அவர்கள் எத்தனை முறை யோசிக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

அதே கல்வியாண்டில்தான் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களும் வளாகத்தில் கூடாரம் போட்டார்கள். அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். நம் மொழியில் சேரி. அவர்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள். மிசௌரியில் கூடாரம் பிரிக்கப்பட்டு இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம். இரண்டு கூடாரங்களிலும் பட்டினி ஒன்றுதான், கோரிக்கையின் நியாயமும் ஒன்றுதான். ஹைதராபாத்தில், அந்த மாணவர்கள் இல்லாவிட்டால் நின்றுபோகும் ஆட்டம் எதுவும் இல்லை. ஆய்வு மாணவன் ஆய்வை நிறுத்தினால் யாருக்கு ஆறரைக் கோடி நட்டம்? இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நிர்வாகங்கள் எந்தக் கணக்கைப் பார்த்து அசைகின்றன என்பதை மறைத்து என்ன பயன்? பட்லரின் பட்டினி வீண் என்றும் நாம் சொல்லவில்லை. அந்தப் பட்டினியைப் பார்த்துத்தான் ஆட்டக்காரர்கள் எழுந்தார்கள். கண்ணுக்கு எதிரே ஒருவன் மெலிந்துகொண்டிருக்கும்போது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட அவர்களால் முடியவில்லை.

அவர்கள் கேட்டது தங்களுக்காக இல்லை என்பதையும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். எங்களுக்கு ஊதியம் கொடு என்று கேட்டிருக்கலாம், நியாயமாகவும் இருந்திருக்கும். அவர்கள் மைதானத்துக்கு வெளியே, தெருவில் வசைபட்ட மாணவனுக்காக நின்றார்கள். மைதானத்தில் கைதட்டல் வாங்கும் அதே உடம்பு, கவசத்தைக் கழற்றிவிட்டுத் தெருவுக்கு வந்தால் அதே வசையைத்தான் வாங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன!

எதிர்வினை வராமல் இல்லை. அந்த டிசம்பரிலேயே மிசௌரி சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், உடல்நலக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக ஆட மறுக்கும் மாணவரின் உதவித்தொகையைப் பறிக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் திரும்பப் பெற்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் முதலாண்டுச் சேர்க்கை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. வெள்ளைப் பெற்றோர் கலவர வளாகம் என்று ஒதுங்கினார்கள், கறுப்பினப் பெற்றோர் இனவெறி வளாகம் என்று ஒதுங்கினார்கள். சில விடுதிகளை மூடினார்கள். பழி முழுதும் போராடியவர்கள்மீது விழுந்தது. குப்பையைக் கொட்டியவனை விட்டுவிட்டு, நாறுகிறது என்று சொன்னவனைப் பிடிக்கும் வழக்கம் அங்கும் உண்டு. ஊதிய விதி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. 2021 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் பெறலாம் என்றானது. 2025 முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று ஒரு நீதிமன்ற உடன்பாடு வந்திருக்கிறது.

மாணவர் குழு அந்த அக்டோபரில் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில், ஆசிரியர்களிலும் ஊழியர்களிலும் கறுப்பினத்தவரின் பங்கை 2017–18க்குள் 10 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்று ஒன்று இருந்தது. அது நடக்கவில்லை. அதே பட்டியலில் இன்னொரு வரி இருந்தது. வளாகத்தின் கறுப்பின மாணவர் அமைப்பு 1969இல் கொடுத்த கோரிக்கைகளை நிறைவேற்றித் தர வேண்டும் என்பது அது. 46 ஆண்டுப் பழைய மனு. வுல்ஃப் போன பிறகு இடைக்காலத் தலைவராக மைக்கேல் மிடில்டன் என்ற கறுப்பின வழக்கறிஞரை அமர்த்தினார்கள். 1968இல் அதே பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்து, அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.